சோழவரத்தில் ஒரு விக்டோரியா கிராஸ்

சோழவரம் என்றதும், சென்னையில் என் வயதை ஒத்தவர்களுக்கு ஏரிக்கு முன்னால் மோட்டார் பந்தயம்தான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், அப்பாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றுகொண்டு, செங்குன்றத்தைத் தாண்டி அந்தப் பந்தயத்துக்குப் போயிருக்கிறேன். வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவுகளைக் குறித்திருப்பார்கள். கார்கள் கிளப்பும் புழுதி வீடு திரும்பிய பிறகும் தலைமுடியில் இருக்கும். பந்தயம் நடந்த தரை சாலை அல்ல, விமான ஓடுபாதை. அதைப் பற்றிக் கேட்டபோது அப்பா, "வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த வெள்ளைக்காரன், எந்தச் சண்டைக்காக என்று கேட்க எனக்கும் அன்று தோன்றவில்லை.

1944ஆம் ஆண்டின் கோடையில் அந்த ஓடுபாதையில் நிலைகொண்டிருந்த ஸ்குவாட்ரன்கள் எனப்படும் வான்படைப் பிரிவுகளில் ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர் எரிக் ஜேம்ஸ் பிரிண்ட்லி நிக்கல்சன் என்பதும், எதிரி விமானங்களை வானிலேயே மறித்துத் தாக்குவதற்கென்று பிரிட்டன் வைத்திருந்த ஃபைட்டர் கமாண்டுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் இரண்டாம் உலகப்போர் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அது அவருடையது என்பதும் மிகவும் பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தன. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1940 ஆகஸ்ட் 16ஆம் தேதியின் பிற்பகலை விரிவாகச் சொல்லிவிட்டு, எஞ்சிய வாழ்க்கையை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பிற்பகலைக் காட்டிலும் அதற்குப் பின் வந்த ஐந்தாண்டுக் காலமே பெரிதாகத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பிற்பகலைச் சொல்லாமல் பிந்தியதைச் சொல்ல வழியில்லை.

நிக்கல்சன் 1917 ஏப்ரல் 29 அன்று லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தவர். டன்பிரிட்ஜ் பள்ளியில் படித்து, ஷோரம் என்ற கடற்கரை ஊரில் எஞ்சின் தயாரிக்கும் நிறுவனமொன்றில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, 1936இல் பிரிட்டிஷ் வான்படையான ராயல் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தார். நெடுநெடுவென்ற உயரம், ஓயாமல் பேசுகிறவர் என்று உடன் பறந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1939இல் யார்க்ஷயரைச் சேர்ந்த முரியல் கெண்டலை மணந்தார். 1940 மே மாதத்தில், புதிதாக அமைக்கப்பட்ட 249ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஃபிளைட் கமாண்டராக, அதாவது அதன் உட்பிரிவு ஒன்றின் தலைவராக, வந்தார். பிரிட்டன் சண்டை என்று பின்னர் பெயர்பெற்ற வான்போர் ஜூலையில் மூண்டபோது அந்த ஸ்குவாட்ரன் வடக்கே, ஒப்பீட்டளவில் அமைதியான பகுதியில் இருந்தது. ஆகஸ்ட் 14 அன்றுதான் அது தெற்கே பாஸ்கோம் டௌன் தளத்துக்கு மாற்றப்பட்டது. இரண்டே நாட்களில் எல்லாம் நடந்துவிட்டது.

ஆகஸ்ட் 16 அன்று தென் இங்கிலாந்தின் வானம் கொதித்துக்கொண்டிருந்தது. மதிய உணவு வேளையில் ஜெர்மனியின் ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்கள் டாங்மியர் தளத்தை நொறுக்கிவிட்டுப் போயிருந்தன. 249ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன் ஃபைட்டர் விமானங்கள் சவுத்தாம்ப்டன் பக்கம் காவல் சுற்றிக்கொண்டிருந்தபோது, தொலைவில் தெரிந்த மூன்று ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களைப் பார்த்துவர நிக்கல்சன் தம்முடைய மூன்று விமானக் குழுவுடன் பிரிந்து போனார். அவர் போய்ச் சேருவதற்குள் வேறு பிரிட்டிஷ் ஃபைட்டர்களான ஸ்பிட்ஃபயர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டன. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மூவரும் மீண்டும் மேலேறி ஸ்குவாட்ரனோடு சேரப் போய்க்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான், வானப்போரில் பெரும்பாலானோர் வீழ்ந்த விதத்திலேயே, பின்னாலிருந்து வந்தவர்களைப் பார்க்காமல் அடிபட்டார்கள்.

ஹரிகேன் விமானத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். அதன் இறக்கைகளில் எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. தொடர்ந்து சுட்டால் சுமார் 15 விநாடிகளில் தோட்டா தீர்ந்துவிடும். உடலின் பின்பாதி மரச்சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. இறக்கைகளின் அடிப்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எரிபொருள் தொட்டிகள். இவை போக 28 காலன் கொள்ளளவுள்ள மூன்றாவது தொட்டி ஒன்று கருவிப் பலகைக்கு அப்பால், விமானியின் நேர் முன்னே இருந்தது. அதில் தீப்பிடித்தால் அந்தத் தீ போய்ச் சேருவதற்கு விமானியின் மடியைத் தவிர வேறு இடமில்லை. அந்த ஆண்டு கோடையில் எத்தனையோ இளைஞர்களின் முகமும் கைகளும் கருகியதற்கு இந்தத் தொட்டிகளே காரணம். வெந்துபோன அந்த முகங்களுக்கு மறுவடிவம் கொடுப்பதற்காகவே ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ ஒரு முழு அறுவை சிகிச்சைத் துறையை வளர்க்க வேண்டியிருந்தது.

நிக்கல்சனின் ஹரிகேன் மீது நான்கு பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. ஒன்று தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் துளைத்தபோது தெறித்த சில்லு இடது கண்ணிமையைக் கிழித்து, ரத்தம் பார்வையை மறைத்தது. இன்னொன்று முன்தொட்டியில் பட்டுத் தீ மூண்டது. மற்றொன்று காலணியின் குதிகாலைப் பிய்த்தெறிந்தது. அவர் குதித்துவிடத் தயாரானார். அந்த நேரத்தில், அவரைத் தாண்டி முன்னே போன ஒரு மெசர்ஷ்மிட், ஜெர்மன் ஃபைட்டர் விமானம், துப்பாக்கிக் குறிக்கு நேராக வந்தது. அவர் மீண்டும் இருக்கையில் அமர்ந்தார். பின்னாளில் அவரே சொன்ன கணக்கின்படி, எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடியின் மேலிருந்த தம்முடைய கை தீயில் தோலுரிவதைப் பார்த்துக்கொண்டே, அந்த விமானத்தைத் துரத்திச் சுட்டார். அதன் பிறகே வெளியேற முயன்றார். எழுந்தபோது மூடியின் சட்டத்தில் தலை இடித்துத் திரும்பவும் உள்ளே விழுந்து, மறுபடி முயன்று, ஒருவழியாக வெளியே விழுந்தார். பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது எதிரி விமானம் ஒன்று நெருங்கிக் கடந்தது. இறந்தவனைப் போல உடலைத் துவளவிட்டு நடித்தார். நடிப்புக்கு அதிகச் சிரமம் தேவைப்பட்டிருக்காது.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. அதை வீரக்கதையாகச் சொல்பவர்கள் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் ஜெர்மன் படைகள் நெதர்லாந்தில் பாராசூட் மூலம் இறங்கியதிலிருந்து, இங்கிலாந்தின் ஒவ்வொரு கிராமமும் வானத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. வயதானவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் கையில் கிடைத்த துப்பாக்கியோடு ஊர்க்காவல் படையில் சேர்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவர், எரிந்த உடலோடு இறங்கிவந்த நிக்கல்சனை ஜெர்மானியர் என்றெண்ணி வேட்டைத் துப்பாக்கியால் சுட, அந்தக் குண்டுச் சிதறல்கள் அவருடைய பின்புறத்தில் பாய்ந்தன. குழுவில் இன்னொருவரான மார்ட்டின் ஆரல் கிங், இருபது வயதைக்கூட எட்டாத பையன், அதே நேரத்தில் தன் விமானத்திலிருந்து குதித்திருந்தான். அவனுடைய பாராசூட் நடுவானில் சுருண்டுபோய் அவன் விழுந்து இறந்தான். தரையிலிருந்து சுட்டதே காரணம் என்று சொல்லப்படுகிறது. ஃபாலி கிராமத்துத் தேவாலயத் தோட்டத்தில் அவனைப் புதைத்தார்கள். மூன்றாமவரான ஸ்குவாட்ரன் லீடர் எரிக் கிங் அடிபட்ட விமானத்தோடு தளம் திரும்பினார். இரண்டு வாரம் கழித்து வேறொரு ஸ்குவாட்ரனுடன் பறந்தபோது அவரும் கொல்லப்பட்டார். மூவர் கிளம்பிய அந்தக் குழுவில், ஆகஸ்ட் முடியும்போது உயிரோடு இருந்தவர் மருத்துவமனைக் கட்டிலில் கட்டுகளோடு கிடந்த நிக்கல்சன் ஒருவர்தான். அவருடைய மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

நவம்பர் 15 அன்று அரசிதழில் விக்டோரியா கிராஸ் அறிவிப்பு வெளியானது. நான்கு குண்டுகள் பாய்ந்ததையும், தீப்பற்றிய விமானத்தில் தங்கி எதிரி விமானத்தைத் தாக்கி வீழ்த்தியதையும், கை, முகம், கழுத்து, கால்களில் பட்ட தீக்காயங்களையும் அது அளந்த சொற்களில் கூறுகிறது. வானப்போரில் அவர் எப்போதுமே பெரும் ஆர்வம் காட்டியவர் என்று இடையில் ஒரு வரி வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிய புன்னகை வரும். அந்த நாளுக்கு முன்போ பின்போ அவர் பெயரில் வீழ்த்திய விமானம் என்று வேறெதுவும் கணக்கில் இல்லை. அந்த ஒன்றையும் ஜெர்மன் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். அவர் துரத்தியது எந்த விமானம், அது உண்மையில் விழுந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

இந்த வாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. எரிகிற கூட்டுக்குள் திரும்பி உட்கார்ந்தவனின் துணிவு, எதிரி விழுந்தானா தப்பினானா என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யாது. ஆனால் இன்னொரு கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. 34 விமானங்களை வீழ்த்திய ஜானி ஜான்சனுக்கும், இரண்டு கால்களையும் இழந்த பிறகு பறந்த டக்ளஸ் பேடருக்கும், 27 விமானங்களை வீழ்த்திய தென்னாப்பிரிக்கர் சைலர் மாலனுக்கும் கிடைக்காத பதக்கம், ஒரே ஒரு சண்டையில் ஒரே ஒரு விமானத்துக்கு உரிமை கோரியவருக்கு ஏன் கிடைத்தது? முதல் உலகப்போரில் ஆல்பர்ட் பாலும் மெக்கடனும் மானக்கும் பல மாதச் சண்டைகளின் திரண்ட சாதனைக்காக இதே பதக்கத்தைப் பெற்றார்கள். இரண்டாம் போரில் அந்த வழக்கம் ஃபைட்டர் கமாண்டைப் பொறுத்தவரை நின்றுபோனது. குண்டுவீச்சு விமானமொன்றில் ஏழு பேர் இருப்பார்கள். ஒருவன் செய்ததை மற்றவர் வந்து சொல்லலாம். ஃபைட்டர் விமானத்தில் ஒருவனே உள்ளான். அவன் செய்த மிகத் துணிச்சலான காரியத்துக்குச் சாட்சி அவன்தான். பெரும்பாலும் அந்தச் சாட்சியும் அந்தக் காரியத்தோடு சேர்ந்தே எரிந்துபோனது. நிக்கல்சன் பிழைத்துவந்து சொன்னார். தீக்காயங்கள் அவர் சொன்னதற்குச் சான்றாக இருந்தன. அந்தச் சண்டையில் பறந்த மூவாயிரத்துக்குச் சற்றே குறைவான விமானிகளிலும் துணை வீரர்களிலும் 544 பேர் இறந்தார்கள். அவர்களில் இன்னும் எத்தனை பேர் எரிகிற கூட்டுக்குள் திரும்பி உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்ல ஆளில்லை.

இது நிக்கல்சனுக்கே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். பதக்கச் செய்தி வந்தபோது அவர் மகிழ்ந்ததைவிடக் கூசியதே அதிகம் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நவம்பர் இறுதியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பதக்கத்தைக் கையளித்தார். பத்திரிகைகள் படம்பிடித்தன, வானொலி அவரைப் பேச வைத்தது. அப்போது அவருக்கு வயது 23. இதோடு அவர் நின்றிருக்கலாம். கைகள் வெந்துபோனவர், கண்ணிமை கிழிந்தவர், நாடே அறிந்த பதக்கம் பெற்றவர், மீதிப் போரைப் பயிற்சிப் பள்ளிகளிலும் விருந்துகளிலும் கழித்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1941 செப்டம்பரில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு, லிங்கன்ஷயரில் ஹிபல்ட்ஸ்டோ தளத்திலிருந்த 1459ஆம் ஃபிளைட்டின் தலைமை. அந்தப் பிரிவின் வேலையைச் சொன்னால் இன்று யாரும் நம்பத் தயங்குவார்கள். இருட்டில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிப்பதற்காக, ஹாவக் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் மூக்கில் ஒரு ராட்சதத் தேடுவிளக்கைப் பொருத்தியிருந்தார்கள். விளக்குக்கான மின்கலங்களின் எடையே விமானத்தைத் தள்ளாட வைக்கும் என்பதால் அதற்குத் துப்பாக்கி கிடையாது. அதனோடு ஒட்டிப் பறக்கும் ஹரிகேன்தான் சுட வேண்டும். ஹாவக் ரேடாரின் உதவியால் எதிரியை நெருங்கி விளக்கைப் போட, வெளிச்சத்தில் அகப்பட்ட எதிரியை ஹரிகேன் அடிக்க வேண்டும் என்பது திட்டம். விளக்கைப் போட்டதும் எதிரி விலகி இருளில் மறைந்துவிடுவான், ஹரிகேன் விமானிக்கோ கண் கூசிப் பார்வை போய்விடும் என்பது அனுபவம். பல மாத உழைப்புக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வெற்றிகளே கிடைத்தன. 1943 தொடக்கத்தில் மொத்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள். தீயில் வெந்த ஒருவருக்கு, இரவில், இருட்டில், பயனற்ற ஒரு வேலை. பதக்கத்துக்கும் அதற்கும் இடையிலிருந்த தூரத்தை அவர் எப்படி எண்ணியிருப்பார் என்று யோசித்திருக்கிறேன்.

1942 மார்ச்சில் அவரை இந்தியாவுக்கு மாற்றினார்கள். கல்கத்தாவில் அலிப்பூரிலிருந்த 293ஆம் விங்கின், அதாவது பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய பிரிவின், தலைமையகத்தில் அலுவலகப் பணி. அந்த மாதத்தின் பொருள் நம் ஊரில் பழையவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்தது, ரங்கூன் மார்ச்சில் விழுந்தது. பர்மாவிலிருந்து தமிழரும் தெலுங்கரும் வங்காளிகளுமாக லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மீதும், 6 அன்று விசாகப்பட்டினம், காக்கிநாடாவின் மீதும், 9 அன்று திருகோணமலையின் மீதும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னைப் பட்டணம் காலியானது. நிக்கல்சன் வந்து இறங்கியபோது வங்கக் கடலின் இந்தக் கரை முழுவதும் அடுத்த அடிக்குக் காத்திருந்தது.

ஆனாலும் அவருக்கு வாய்த்தது நாற்காலிதான். 1942 டிசம்பரில் ஜப்பானியர் கல்கத்தாவில் இரவுகளில் குண்டு வீசினார்கள். மறுமாதம் 15ஆம் தேதி இரவு பிரிங் என்ற சார்ஜன்ட் சில நிமிடங்களுக்குள் மூன்று ஜப்பானிய விமானங்களை வீழ்த்தி நகரத்தின் நாயகனானார். அந்தச் சமயத்தில் நிக்கல்சன் வங்காள வான்படைத் தலைமையகத்தில் கோப்புகளோடு இருந்தார். 1943 ஆகஸ்ட் வரை அதே வேலை. அந்த ஆண்டில் கல்கத்தாவின் நடைபாதைகளில் பஞ்சத்தில் செத்தவர்களைத் தாண்டித்தான் எந்த அதிகாரியும் அலுவலகம் போயிருக்க முடியும். அதைக் குறித்து அவர் என்ன எண்ணினார் என்பதற்கு நான் கண்டவரையில் ஒரு வரிகூட இல்லை. அவரை மதிப்பவன் என்ற முறையில், அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணுவேன்.

1943 ஆகஸ்ட் 4 அன்று 27ஆம் ஸ்குவாட்ரனின் தலைமை அவர் கைக்கு வந்தது. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் இருபதுகளிலிருந்தே இருந்துவந்த, யானையைச் சின்னமாகக் கொண்ட பழைய ஸ்குவாட்ரன் அது. முதல் உலகப்போரில் அது ஓட்டிய கனத்த விமானத்துக்கு 'எலிஃபண்ட்' என்று செல்லப்பெயர் இருந்ததால் வந்த சின்னம்; இந்தியாவில் அது தானாகவே பொருந்திப்போனது. திரிபுராவின் அகர்தலாவிலிருந்து கிளம்பி, மலைகளைத் தாண்டி, பர்மாவின் ரயில் எஞ்சின்களையும் ஆற்றுப் படகுகளையும் லாரிகளையும் தாழப் பறந்து சுடுவதுதான் அதன் வேலை. ஜப்பானியப் படைக்கு அரிசியும் தோட்டாவும் போகும் வழிகளை அறுப்பதே நோக்கம். நான்கு பீரங்கிகளும் ஆறு இயந்திரத் துப்பாக்கிகளும் கொண்ட பியூஃபைட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானம் அதற்குத் தோதானது. மரங்களின் உச்சியை உரசுகிற உயரத்தில், மணிக்கணக்கில், எதிரி நாட்டுக்கு மேல் பறக்க வேண்டும். அடிபட்டால் குதிப்பதற்கு உயரம் போதாது. உயிரோடு இறங்கினாலும் கீழே காடு, அல்லது ஜப்பானியச் சிறை. அங்கே வானத்தில் எழுதப்படுகிற வீரக்கதை எதுவும் கிடையாது. ஒரு ரயில் எஞ்சினின் கொதிகலன் வெடித்து நீராவி பீறிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

அந்த ஸ்குவாட்ரனுக்குத்தான் இந்தியாவிலேயே முதலாவதாக மொஸ்கீட்டோ விமானங்கள் வந்தன. பால்சா மரத்தையும் பிர்ச் பலகையையும் பசையால் ஒட்டிச் செய்த அதிவேக விமானம் அது. தொடக்கத்தில் பயன்படுத்தியது பாலின் புரதத்திலிருந்து எடுத்த கேசின் பசை. ஐரோப்பாவின் குளிரில் அற்புதமாகப் பறந்தது, வங்காளத்தின் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஈடுகொடுக்கவில்லை. மர ஒட்டுகள் பிரிந்தன. இறக்கைகளில் கோளாறுகள் தெரிந்தன. 1944இன் பிற்பகுதியில் கிழக்குப் பகுதியில் இருந்த மொஸ்கீட்டோக்கள் அனைத்தையும் சோதனைக்காகத் தரையிறக்க வேண்டிவந்தது. பருவநிலை மட்டுமல்ல, தொழிற்சாலையில் ஒட்டிய விதத்திலும் குறை இருந்ததாக விசாரணையில் வந்தது. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூட மறுக்கும் நம் வீட்டுக் கதவுகளை நினைத்தால் அந்தப் பொறியாளர்களிடம் கொஞ்சம் பரிவு வருகிறது. மர விமானத்தில் குண்டுமழைக்குள் போன விமானிகளிடம் வருவது வேறு உணர்வு.

1944 பிப்ரவரியில் ஜப்பானின் முதன்மைக் கடற்படை சிங்கப்பூர் பக்கம் நகர்ந்தது. 1942 ஏப்ரல் மீண்டும் வருமோ என்ற அச்சம் இந்தியப் பெருங்கடல் முழுவதும் பரவிய அந்தச் சூழலில்தான், கப்பல்களைத் தாக்கும் பயிற்சிக்காக 27ஆம் ஸ்குவாட்ரன் பர்மா எல்லையிலிருந்து எடுக்கப்பட்டு, 47ஆம் ஸ்குவாட்ரனோடு சேர்த்துச் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நிறுத்தப்பட்டது. இம்பாலிலும் கொஹிமாவிலும் போரின் போக்கே தீர்மானமாகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. யானை ஸ்குவாட்ரனோ, கத்திரி வெயிலில், தகிக்கும் ஓடுபாதையிலிருந்து எழும்பி, பழவேற்காட்டுக்கு அப்பால் கடலின் மேல், வராத கப்பல்களை அடிக்கப் பழகிக்கொண்டிருந்தது. ஜப்பானியக் கப்பல்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. கடைசியில் ஸ்குவாட்ரனைத் திரும்பவும் வடக்கே அனுப்பினார்கள். அதற்கு முன்பே, ஆகஸ்ட் 9 அன்று, நிக்கல்சனின் தலைமைப் பொறுப்பு முடிந்திருந்தது.

நான் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று கார்களை எண்ணிய இடத்தில், ஒரு மே மாதப் பிற்பகலில், முகத்திலும் கைகளிலும் தீத்தழும்பு உள்ள அந்த நெடிய மனிதர் நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்கையில் எனக்குப் பெருமிதம் எதுவும் வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர் எவருக்கும் அவர் யாரென்று தெரிந்திருக்காது; தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் அவர்கள் 'வெள்ளையனே வெளியேறு' என்ற குரலைக் கேட்டிருந்தார்கள்.

அந்த ஆகஸ்டிலேயே அவருக்கு டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ் அறிவிக்கப்பட்டது. பதக்க வரிசையில் விக்டோரியா கிராஸுக்குப் பல படிகள் கீழே இருப்பது. அந்தப் போரில் ஆயிரக்கணக்கானோர் பெற்றது. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இது ஒரு துணைவாக்கியமாகத்தான் வரும். என்னைக் கேட்டால் அவரை அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டிய பதக்கம் இதுதான் என்பேன். 1940இல் நடந்தது ஒரு நிமிடத்துக்குள் நடந்தது; உடல் கொதித்த கணத்தில் யோசிக்க நேரம் இருந்திருக்காது. தீ என்றால் என்ன என்பதைத் தோலால் அறிந்த ஒருவர், மூன்று ஆண்டுகள் யோசிக்க அவகாசம் கிடைத்த பிறகு, நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடியும் எரிபொருள் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மரத்தால் செய்த விமானத்திலும்கூட, ஓர் ஆண்டுக்காலம் நாள்தோறும் ஒரு ஸ்குவாட்ரனை நடத்திச்சென்றார் என்பதற்கு அந்தச் சிறிய பதக்கமே சாட்சி.

மீண்டும் அலுவலகம், இம்முறை விங் கமாண்டராக, பர்மா வான்படைத் தலைமையகத்தில் பயிற்சிப் பொறுப்பு. 1945 மே 2 அன்று, வங்காளத்தில் மிட்னாபூர் மாவட்டத்தின் சால்போனி தளத்திலிருந்து, 355ஆம் ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று பர்மா மீதான தாக்குதலுக்குப் புறப்பட்டது. நிக்கல்சன் அதில் பார்வையாளராக ஏறிக்கொண்டார். அவர் பறந்தே ஆக வேண்டிய கட்டாயம் அன்று இருக்கவில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 130 மைல் தொலைவில், கடலின் மேல், எஞ்சினில் தீப்பிடித்தது. விமானம் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டு பேர் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மூன்று நாட்களுக்கு முன்புதான் அவருக்கு 28 வயது நிறைந்திருந்தது.

அதே மே 2 அன்று, 110ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த விங் கமாண்டர் சாண்டர்ஸ் தம்முடைய மொஸ்கீட்டோவை ரங்கூனின் மிங்கலாடான் தளத்தில் இறக்கி, நடந்தே நகருக்குள் போய், ஜப்பானியர் நகரத்தை விட்டுப் போய்விட்டார்கள் என்று கண்டார். சிறைச்சாலைக் கூரையில் கைதிகள் அதைப் பெரிய எழுத்துகளில் எழுதிவைத்திருந்தார்கள். அதே நாள் பெர்லினும் வீழ்ந்தது. ஐரோப்பாவில் போர் முடிய ஆறு நாட்களே இருந்தன.

உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இல்லை. சிங்கப்பூரில் கிராஞ்சி போர்க் கல்லறையின் மேட்டில் நிற்கும் நினைவுச் சின்னத்தில், இப்படிக் கல்லறை இல்லாமல் போன 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு காலை நேரத்தை ஒதுக்கி அங்கே போனேன். கூரை விமான இறக்கையின் வடிவில் விரிந்திருக்கிறது. தூண்களில் இந்தியப் படைப்பிரிவுகளின் பெயர்களே பக்கம் பக்கமாக ஓடுகின்றன; நம் பக்கத்துப் பெயர்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன, அவற்றைப் படிக்கத் தொடங்கியதில் நான் தேடிவந்த பெயரைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது.

முரியலுக்குத் திருமண வாழ்க்கை ஆறு ஆண்டுகள்கூட முழுதாக அமையவில்லை. சிறுவனாக இருந்த மகனை வளர்த்துக்கொண்டு, போர்க்கால விதவைக்கான ஓய்வூதியத்தில் அவர் வாழ்ந்தார். 1983இல் அவர் தம் கணவரின் விக்டோரியா கிராஸை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். விதவைகளுக்கு அரசு தரும் தொகை எவ்வளவு அற்பமானது என்பதை நாடு அறியட்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுத்தான் விற்றார். 1,10,000 பவுண்டுக்கு அது போனது. வாங்கியது ராயல் ஏர்ஃபோர்ஸின் அருங்காட்சியகம்.